இரவல் வாங்கிய டூட்டூ

இரவலாகக் கொடுத்த நடன உடையில் சேதம் தெரிந்தால், உடையைப் பெற்றுச் சென்ற குடும்பத்தாரின் முன்னிலையில்தான் அந்தச் சேதத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதுபற்றிய முடிவு எழுத்து வடிவில் குடும்பத்தாரின் கைக்குச் சேரும்வரை, வகுப்பிலோ நிகழ்ச்சியிலோ மாணவிக்கு உள்ள இடத்தை எடுக்கக் கூடாது.

எங்கள் வட்டாரத்து நகராட்சி இசை நடனப் பள்ளியின் உள்விதிகளில் இது இருக்கிறது. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், குடை வைக்கும் வாளிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறார்கள். எழுத்து சிறியது, வெளிச்சம் குறைவு. விதிகளை அப்படி மாட்டும் கலையை நான் அறிவேன். பாரிசுக்கு வெளியே ஒரு பிரெபெக்சரில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், வெளிநாட்டவர் பிரிவில், கவுன்டருக்கு உள்பக்கமாக உட்கார்ந்தே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. மக்கள் படிக்கத் தேவையில்லை என்று நாங்கள் நினைத்த அறிவிப்புகளை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்பதில் எங்கள் அலுவலகத்துக்குத் தனித் தேர்ச்சி இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்குக் குடி வந்தேன். பிற்பகலில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். நான் புதுச்சேரிக்காரன். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை, அவர்கள் பேச்சு எனக்குச் சங்கீதம் என்று சொல்ல ஆசைதான். பாதி விளங்காது என்பதே உண்மை. பிரெஞ்சு அரசாங்கத்தின் வயிற்றுக்குள் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் என்மேல் மரியாதையும் அதைவிடக் கூடுதலாகச் சந்தேகமும் இருந்தன. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் இந்தப் பக்கம் வந்து ஏன் சும்மா உதவுகிறான்? நியாயமான கேள்வி. கையில் ஒரு கோப்பு இல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது என்பதுதான் பதில். யாரும் நேரில் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், ரூ காயில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்யும் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். அவளுடைய கணவர் அதே உணவகத்தில் சமையல்காரர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள்.

"ஐயா, ஒரு பப்பியே, கடிதம், பாக்கோணும். பிள்ளையின்ர டான்ஸ் பள்ளிக்கூடத்திலயிருந்து வந்தது. வாசிச்சால் விளங்குது. ஏன் எழுதினவங்கள் எண்டுதான் விளங்கேல்லை."

பதினொரு வயது மகள் நகராட்சிப் பள்ளியில் பாலே கற்றுக்கொண்டிருந்தாள். மேற்கத்தியப் பெண்கள் கால்நுனியில் நின்று ஆடும் அந்த நடனந்தான். குளிர்கால விடுமுறைக்கு முன் பெற்றோருக்காக ஒரு திறந்த வகுப்பு நடந்தது. அதற்காகப் பள்ளி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு டூட்டூவை இரவல் கொடுத்திருந்தது. இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விரிந்து நிற்குமே, அந்தக் குட்டைப் பாவாடை. அதோடு சேர்ந்த மேற்சட்டையின் தோள்வாரைத் தைத்துச் சரிசெய்ய வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது வந்த தாள் சொன்னது: திரும்பி வந்த உடையில் "உணவு சார்ந்ததாகத் தோன்றும் நீக்க முடியாத மஞ்சள் கறை" இருக்கிறது, ஆகவே ஜூன் மாத ஆண்டு நிகழ்ச்சியில் இந்த மாணவி பங்கேற்க முடியாது.

"கறை இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ ஐயா, ஒரு புள்ளி இல்லை. வெள்ளை உடுப்பெண்டு அதைக் கட்டிலுக்கு மேல வைச்சுப்போட்டு நாங்கள் மூண்டு பேரும் நிலத்தில படுத்தனாங்கள். கறி காய்ச்சேல்லை. இவர் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டவர்."

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் வந்தார். "சம்பலும் இல்லை அண்ணை, வெறும் பாண். எங்கட வீட்டுக் கட்டில்ல ஒரு பாவாடை படுத்திருந்தது, நாங்கள் கீழ கிடந்தம். அதுவும் பாதிப் பாவாடை. தூ தூ எண்டு பேர் வைச்ச உடுப்பில நல்லது நடக்குமே?"

"நீங்கள் போய் அடுப்பைப் பாருங்கோ."

"பரதம் பழக்கியிருந்தால் முழுசா உடுத்திக்கொண்டு ஆடியிருப்பாள்."

"அவள் கேட்டது இதை. ஆரும் கேட்டதைத்தானே பழக்குவினம்?"

"அவள் போன வருசம் குதிரையும்தான் கேட்டவள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிறிது நேரம் எனக்கு அந்த மனிதர்மேலேயே சந்தேகம் இருந்தது. மகள் பாலேயை விடவேண்டும் என்று விரும்பும் ஒரு சமையல்காரருக்கு மஞ்சள் கறை ஏற்படுத்துவது பெரிய காரியமா? பிறகு பள்ளியின் உடையறைமேல் சந்தேகம் வந்தது. பழைய உடையைக் கொடுத்து, பழைய கறையைப் புதியவர்கள் தலையில் கட்டுவது எல்லா அலுவலகங்களிலும் உண்டு. கடைசியாக, 'உணவு சார்ந்ததாகத் தோன்றும்' என்ற சொற்களில் வந்து நின்றேன். தோன்றும் என்றால் யாருக்குத் தோன்றும்? பட்டியலில் பதினாறு எழுத்துள்ள ஒரு குடும்பப் பெயரைப் பார்த்ததும் யாரோ ஒருவருக்குக் கறி தோன்றியிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம்கூட இல்லை, நிச்சயமே ஏற்பட்டது. கவுன்டருக்கு உள்ளே அந்தமாதிரித் தோற்றங்களைப் பல காலம் பார்த்தவன் நான்.

"அவள் இந்த நிகழ்ச்சிக்குத்தான் ரெண்டு வருசமா நிக்கிறாள் ஐயா," என்றாள் அந்தப் பெண். "முதல் வரிசையில போட்டிருக்கினம். இப்ப வீட்டில கதைக்கிறாளில்லை. கேட்டால் பிரெஞ்சில ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்துறாள்."

அன்று மாலையே பள்ளிக்குப் போய்க் குடை வாளிக்கு மேலே குனிந்து விதியைப் படித்தேன். மறுநாள் தாயின் பெயரில் பதிவுத் தபால் போனது. கறை ஏதும் இல்லை என்று மறுத்தேன். குடும்பத்தார் முன்னிலையில் பதிவு நடக்காததால் வந்த தாள் முடிவாகாது என்று சுட்டிக்காட்டினேன். முடிவு வரும்வரை மாணவியின் இடத்தைத் தொட முடியாது என்பதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதினேன். ஒரு வாரத்தில் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, பெண் ஒத்திகைக்கு வரலாம் என்றார். பதிவு மே மாதம் நடக்கும், அதன்பிறகு நிர்வாகம் முடிவு செய்யும் என்றும் சொன்னார். மே மாதம்வரை ஏன் என்று நான் கேட்கவில்லை. பாரிசில் அவசரமான கோப்புக்கு அதுதான் வேகம்.

இடையில் எனக்கு நேரம் இருந்தது. நெட் துணி தானாகவே மஞ்சளாகும் என்று நிரூபிக்க நினைத்து, நகராட்சி நூலகத்தில் டூட்டூவைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் படித்தேன். அதற்கு முன் அந்த உடையைப் பற்றி எனக்கு இருந்த கருத்து சமையல்காரருடைய கருத்துக்கு அதிக தூரத்தில் இல்லை.

படிக்கப் படிக்கச் சந்தேகம் தெளிந்ததா என்றால், கூடியது. இந்த நகரத்து மேடையில் அது முதலில் வந்தபோது குட்டையாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் முழங்காலைத் தாண்டிக் கணுக்காலை எட்டப்போகும் வெள்ளை மஸ்லின் பாவாடை அது, மணிபோல விரிந்தது. காற்றிலே மிதக்கும் மோகினிகள் வேடத்துக்காகச் செய்தது. புதிதாக வந்திருந்த எரிவாயு விளக்கொளியில் அந்த வெள்ளை, நிலாவில் நனைந்தாற்போல் தெரிந்ததாம். அந்த மஸ்லின் ஒருகாலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய துணி என்று எழுதி வாதத்தைத் தொடங்க எனக்கு மிகவும் ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் பிரான்சிலேயே மஸ்லின் நெய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆதாரம் இல்லாததை நான் எழுதுவதில்லை.

பிறகு பாவாடை ஏறிக்கொண்டே போனது. இத்தாலியிலிருந்து வந்த நடனக்காரிகளின் காலடி வித்தைகள் தெரியவேண்டும் என்பது கலைக் காரணம். ஆண்டுச் சந்தா கட்டிய பணக்காரர்களுக்கு மேடைக்குப் பின்னால் போய் நடனக்காரிகளோடு பேசிக்கொண்டிருக்க அனுமதி இருந்தது என்பதையும் அதே புத்தகங்கள் சொல்கின்றன. காலடி வித்தையில் அவர்களுக்கு எவ்வளவு ஈடுபாடு என்று சொல்லவில்லை. பெயரும் அப்படித்தான். மலிவு இருக்கைகளில் இருந்தவர்கள், குழந்தையின் பின்புறத்தைச் செல்லமாகச் சொல்லும் சொல்லை மாற்றி வைத்தார்கள் என்பது ஒரு கதை. வேறு கதைகளும் உண்டு, எதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

எரிவாயு விளக்கின் இன்னொரு பக்கமும் இருந்தது. மஸ்லின் தீப்பற்றும். நடனக்காரிகள் எரிந்தார்கள். ஆகவே துணியை ஒரு கரைசலில் முக்கி எடுத்தால்தான் மேடையேறலாம் என்று உத்தரவு வந்தது. முக்கினால் துணி விறைத்து, நிறம் மங்கி மஞ்சளாகிவிடும். ஒரு இளம் நடனக்காரி, தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாள். விதியும் இருந்தது, விலக்கும் முறைப்படி இருந்தது. ஒத்திகையில் விளக்கு உரசிப் பாவாடை பற்றிக்கொண்டது. சில மாதம் கிடந்து இறந்துபோனாள். உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ பொறுப்பு விலக்குக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே நின்றேன்.

ஏப்ரலில் ஒருநாள் தாய்க்குக் கடையில் வேலை அதிகம் என்று ஒத்திகைக்குப் பெண்ணை நான் கூட்டிப்போனேன். கதவருகே நாற்காலி போட்டார்கள். ஆசிரியை என்னைப் பார்வையாளராகப் பார்க்கவில்லை, ஆய்வாளராகப் பார்த்தார். பெண்கள் ஒத்திகைக்கென்று வைத்திருந்த பழைய டூட்டூ அணிந்து வந்தார்கள். அதை அணிந்தால் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியாது. ஓய்வு நேரத்தில் எல்லோரும் சுவர் ஓரமாக நாரைகள்போல நின்றார்கள். அறையின் மூலையில் மீதி டூட்டூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நிமிர்த்தித் தொங்கவிட்டால் அடுக்குகள் சரிந்துவிடுமாம். 'தோல் நிறம்' என்று சீட்டு ஒட்டிய காலுறைப் பெட்டியும் இருந்தது. உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு. யாருடைய தோல் என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பெண் சுழன்று வந்து சட்டென்று நின்றாள். அவள் நின்றபிறகும் அந்தப் பாவாடை நிற்கவில்லை. விளிம்பு மட்டும் ஒரு கணம் நடுங்கிவிட்டு, பிறகு அமைதியானது. உடம்பு முடித்துவிட்டதைத் துணி தாமதமாகத் தெரிந்துகொண்டதுபோல இருந்தது. எத்தனையோ அடுக்கு நெட் துணியை எதற்காக இவ்வளவு பாடுபட்டுத் தைக்கிறார்கள் என்று அப்போது எனக்கு விளங்கியது. வீடு திரும்பும்போது, "நல்லா இருந்துச்சு" என்றேன். "நான் பிந்திட்டன்," என்றாள் தமிழில். மீதியைப் பிரெஞ்சில் சொன்னாள்: மூன்றாவது சுற்றில் தாளத்துக்கு அரை அடி பின்னால் வந்தாளாம், நான் கவனிக்கவில்லையாம்.

மே மாதம் பதிவு நடந்தது. பள்ளியின் துணை இயக்குநர், ஒல்லியான, மிகவும் மரியாதையான மனிதர். மரியாதை கூடிய அதிகாரிகளிடம் எனக்கு எப்போதும் கவனம் அதிகம். உடையறைப் பொறுப்பாளர் டூட்டூவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். தாய், மகள், நான் மூவரும் ஒரு பக்கம். நூலகக் குறிப்புகள் என் பையில் தயாராக இருந்தன. துணியின் வயது, சேமிப்பு, ஈரம், வெளிச்சம் என்று வரிசையாகக் கேட்க முடிவு செய்திருந்தேன்.

பொறுப்பாளர் கீழ் அடுக்கின் ஓரத்தை விரலால் பிரித்துக் காட்டினார். விரல் நுனி அளவில், வட்டமாக, சுத்தமாக ஒரு மஞ்சள் பொட்டு. குழம்பு சிந்தினால் அப்படிச் சிந்தாது. என் அம்மா புதுத் துணிக்கு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன், ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. குறிப்புகளைப் பையிலேயே விட்டேன்.

தாய் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் போய் நிம்மதி வந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"உதையா ஐயா இவ்வளவு நாளும் சொன்னவங்கள்? உது கறை இல்லை. உது நான் வைச்ச மஞ்சள். பிள்ளை முதன்முதல் போடுற உடுப்பெல்லோ!"

துணை இயக்குநர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

ஒரு நிமிடம், என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் சொல்வதற்கு நான்கு விதமான வாக்கியங்கள் என்னிடம் இருந்தன, நான்கும் முழுப்பொய் இல்லை. அதற்குள் மகள் தெளிவான பிரெஞ்சில் சொல்லிவிட்டாள்: "அம்மாதான் வைத்தாராம். வேண்டுமென்றே."

அவர் எழுதிக்கொண்டார். 'வேண்டுமென்றே' என்று எழுதியபோது பேனாவை அழுத்தினாரா என்று கவனித்தேன். அழுத்தவில்லை.

"ஏன்?" என்று கேட்டார் உடையறைப் பொறுப்பாளர். கோபமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டார்.

நான் விளக்கினேன். புதிதாக ஒரு உடையை அணியும் முன் அதன் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம், மங்கலத்துக்காக. அவர் தலையசைத்துவிட்டு, "ஆனால் இது புதிய உடை இல்லையே, எட்டாவது பெண் அணிகிறாள்" என்றார். மகள் அதைத் தாய்க்குச் சொன்னாள்.

"எட்டுப் பேர் போட்டாலும் இவளுக்குப் புதுசுதானே?" என்றாள் தாய். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. உணவகத்தில், டீ ஆறிக்கொண்டிருக்க, நிலைமையை எடுத்துச் சொன்னேன். மறுப்புக் கடிதத்தில் கறையே இல்லை என்று நாம் எழுதியிருக்கிறோம். பதிவில் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கிறது. இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும். ஒரே வழி, பதிவைச் செல்லாது என்பது. மொழிபெயர்த்தவள் சிறுமி, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆகவே அவள் சொன்னதை ஏற்க முடியாது என்று எழுதினால் பதிவு விழும். மறுபடி தொடங்க வேண்டும், அதற்குள் ஜூன் முடிந்துவிடும்.

"அப்ப பிள்ளை பிழையாச் சொன்னவள் எண்டு எழுதப் போறியளோ?"

"பிழைன்னு இல்லீங்க. செல்லாதுன்னு."

"அவள் சரியாத்தானே சொன்னவள்?"

"சரியாத்தான் சொன்னா. அதான் பிரச்சினை."

"ஐயா, நான் அவளிட்டை ஒரு நாளும் பொய் சொல்லாதை எண்டு சொல்லி வளத்தனான். அவள் அவ்வளவு பேருக்கு முன்னால உண்மையைச் சொல்லிப்போட்டாள். இப்ப நான் போய் உது செல்லாது எண்டு கையெழுத்து வைக்கிறதோ?"

"அப்படின்னா அவ ஆடுறது சந்தேகம்."

கணவர் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தமுறை வேடிக்கை பேசவில்லை. "நீ நினைக்கிறபடி செய்," என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். அவர்மேல் இருந்த சந்தேகத்தை அன்றோடு திரும்பப் பெற்றேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் கறை இல்லை என்று எழுதியது, கறை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல். மஞ்சளை நான்தான் வைத்தேன். நல்லது என்று நினைத்து வைத்தேன். அந்த அடுக்கை மாற்றித் தைத்துத் தருகிறேன். இனி இரவல் உடையில் எதையும் வைக்க மாட்டேன். இதில் பிள்ளைக்கு எந்தப் பங்கும் இல்லை. நடுவில், தீத்தடுப்புக் கரைசலால் டூட்டூக்கள் மஞ்சளான வரலாற்றை ஒரு பத்தி சேர்த்துப் படித்துக் காட்டினேன். "உந்தப் பழைய கதையெல்லாம் ஏன் ஐயா? நான் வைச்சனான் எண்டு மட்டும் இருக்கட்டும்," என்றாள். நீக்கினேன். நல்ல பத்தி.

ஜூன் வந்தது. பதில் வரவில்லை. பதில் வராதவரை அவள் இடம் அவளுக்குத்தான். ஆகவே ஒத்திகைகள் நடந்தன. நிகழ்ச்சிக்கு வேறொரு டூட்டூவை அளந்து கொடுத்தார்கள், வீட்டுக்குக் கொடுக்கவில்லை. தாய் அதில் ஏதும் செய்திருப்பாளா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. கேட்கவில்லை.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை. முந்திய நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், அவள் கடையிலிருந்து மூச்சு வாங்க வந்தாள். கையில் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போன அறிவிப்புச் சீட்டு. பதிவுத் தபால் வந்தது, வீட்டில் ஆளில்லை, தபால் நிலையத்தில் வைத்திருக்கிறோம், வந்து பெற்றுக்கொள்ளவும்.

"பள்ளிக்கூடத்திலயிருந்துதான் ஐயா. ஓடிப்போய் எடுக்கட்டே? ஏழு மணிவரை திறந்திருக்கும்."

"உக்காருங்க," என்றேன். "எடுக்க வேணாம்."

"ஏன்?"

"உங்க கைக்கு வந்து சேர்ந்தாத்தான் அது முடிவு. அதுவரைக்கும் அது இல்லை."

"தபால் கந்தோரில கிடக்குதே?"

"கிடக்கட்டும். சட்டப்படி இன்னும் வரலை. பதினைஞ்சு நாள் வச்சிருப்பாங்க. அதுக்குள்ள எப்ப போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குறீங்களோ, அன்னிக்குத்தான் வந்ததா அர்த்தம்."

சமையல்காரர் வெளியே வந்தார். "இது நல்லாயிருக்கே அண்ணை. அப்ப வரிக் கந்தோர்க் கடிதங்களையும் அங்கையே விடுவம்."

"இது பொய் இல்லையே?" என்று தாய் என்னை உற்றுப் பார்த்தாள். அவ்வளவு சந்தேகமாக என்னை யாரும் பார்த்ததில்லை, அதற்கான தகுதி எனக்கு உண்டு.

"இல்லை. சீட்டுலயே கடைசி நாள் போட்டிருக்கு, படிங்க."

அவள் என்னை நம்பவில்லை. மகள் பள்ளிவிட்டு வரும்வரை இருந்தாள். மகள் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பி, பொடி எழுத்துக்களையும் விடாமல் படித்துவிட்டு, "உய், மமோன், ஓம் அம்மா. அவர் சொல்லுறது சரி," என்றாள். அதன்பிறகே தாய் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அதுக்குள்ள என்ன எழுதியிருப்பினம் ஐயா?" என்று போகும்போது கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆம் என்று சொல்ல யாரும் நிகழ்ச்சிக்கு முந்திய நாள் பதிவுத் தபாலுக்குச் செலவழிக்க மாட்டார்கள்.

மறுநாள் மாலை அரங்கத்தின் வாசலில் துணை இயக்குநர் நின்று பெற்றோர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"எங்கள் கடிதம் கிடைத்ததா?" என்று கேட்டார்.

"அறிவிப்புச் சீட்டு கிடைத்தது," என்றேன். "அம்மையாருக்குக் கடையில் வேலை. இன்னும் தபால் நிலையம் போகவில்லை."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே தொழில் பார்த்தவர்கள். "பதினைந்து நாள் இருக்கிறதே," என்றார். பிறகு அடுத்தவருக்குக் கை நீட்டினார்.

நான் இருக்கையில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுவதும் பெண் நாள்தோறும் ஒத்திகைக்குப் போயிருக்கிறாள், தாய்தான் வாசலில் வந்து கூட்டிப்போயிருக்கிறாள். கடிதத்தை அங்கேயே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். கையில் கொடுக்காமல், பகலில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, கடைசி நாளில் சேரும்படி பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அலட்சியமா, வழக்கமா? அல்லது, எழுதியே ஆகவேண்டிய ஒன்றை எழுதிவிட்டு, அது சேராமல் இருக்க ஒரு வழியையும் திறந்து வைத்தாரா? ஒரு அதிகாரிமேல் இப்படிப்பட்ட சந்தேகம் என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எனக்கே அது சரியாகப் படவில்லை.

திரை விலகியது. முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக அவள் நின்றாள். வெள்ளை நெட் துணி விளக்கில் நீலம் பாய்ந்து தெரிந்தது. பெண்கள் நெருங்கி வந்தபோது பாவாடைகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே விரிப்புப்போல ஆயின, விலகியபோது பிரிந்தன. மூன்றாவது சுற்றை நான் இந்தமுறை கவனித்தேன். பிந்தவில்லை. எனக்குப் பக்கத்தில் சமையல்காரர் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "உட்கார ஏலாத உடுப்பில எவ்வளவு நேரம் நிக்கிறாள் பாருங்கோ," என்று என் காதருகே சொன்னார். தாய் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கைதட்டும் நேரத்தில் மட்டும் விட்டாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் அவள் தினமும் கேட்டாள், நான் தினமும் நாளை என்றேன். கடைசியில், இனித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற கட்டத்தில், இருவரும் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றோம். ஊழியர் பெறுகைச் சீட்டைத் தேடிக்கொண்டிருக்க, அவர் முதலில் நீட்டிய உறையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரவல் உடையில் வேண்டுமென்றே அடையாளம் இடப்பட்டதை அம்மையார் ஒப்புக்கொண்டிருப்பதால், மாணவி இந்த ஆண்டு நிகழ்ச்சியில் பங்கேற்க அனுமதி இல்லை. அடுத்த ஆண்டு வகுப்புக்கு இதனால் தடை ஏதும் இல்லை. இந்த முடிவு குடும்பத்தாரின் கைக்குச் சேரும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும். கீழே துணை இயக்குநரின் கையெழுத்து.

"அப்ப ஆடக் கூடாதெண்டோ?" என்றாள்.

"ஆமாம். இன்னிலேருந்து ஆடக் கூடாது."

அவள் சிரிக்கத் தொடங்கி, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஊழியர் பெறுகைச் சீட்டை அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் அவளே எழுத வேண்டும். என்ன தேதி என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன், கவனமாக எழுதினாள்: ஜூலை 1, 2016.